ஆழக்குழியும் கணினிக் கணக்கும்

கெடா மாநிலத்தின் சிடாம் கிரி போன்ற தோட்டப்புறங்களில் வடிகால் வெட்டுவதைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. காலையில் செங்குத்தாக வெட்டப்பட்ட கரை மாலைவரை சுவர்போல நிற்கும். மறுநாளும் நிற்கலாம். இரண்டு மழைக்குப் பிறகு சென்று பார்த்தால் கரையின் ஒரு பகுதி சரிந்து வடிகாலுக்குள் கிடக்கும். வெட்டிய அன்று விழாத மண் பிறகு ஏன் விழுந்தது? மண்ணும் அதேதான், ஆழமும் அதேதான். இடையில் மாறியது மண்ணுக்குள் இருந்த நீர்.

முழங்கால் ஆழ வடிகாலில் இக்கேள்விக்கு விடை தெரியாமற்போனால் இழப்பு பெரிதன்று. சரிந்த மண்ணை அள்ளிவிட்டுக் கரையைச் சாய்வாக வெட்டினால் போதும். பத்து மாடிக் கட்டடம் ஒன்றையே உள்ளே இறக்கி வைக்கும் அளவுக்கு ஆழமான குழியின் விளிம்பில் இதே கேள்வி எழுந்தால் நிலைமை வேறு. அங்கே குழிக்குள் மனிதர்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். குழிக்குப் பக்கத்திலும் மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருப்பார்கள்.

இத்தகைய குழிகள் மலேசியாவிற்குப் புதியவை அல்ல. கோலாலம்பூரில் 2017ஆம் ஆண்டு ஜூலை மாதம் முழுமையாகத் திறக்கப்பட்ட சுங்கை பூலோ – காஜாங் எம்ஆர்டி தடத்தில் 9.5 கிலோமீட்டர் நிலத்தடியில் செல்கிறது. அதில் ஏழு நிலையங்கள் நிலத்துக்கு அடியில் உள்ளன. அவற்றுள் ஒன்றான புக்கிட் பிந்தாங் நிலையம் பேரங்காடிகள் நெருங்கி நிற்கும் வீதியின் அடியில் அமைந்துள்ளது. நகரின் நடுவே உள்ள பெரிய கட்டடங்களில் வாகன நிறுத்துமிடங்களும் கடைகளும் நிலத்தடித் தளங்களில்தான் இருக்கின்றன. எனவே, அங்கே புதிய குழி தோண்டுவது வெற்று நிலத்தில் தோண்டுவது போன்றதன்று. ஏற்கெனவே தோண்டிக் கட்டப்பட்ட பழைய குழிகளுக்குப் பக்கத்தில் மேலும் ஒரு குழி தோண்டுவதாகும்.

அப்படித் தோண்டினால் பக்கத்துக் கட்டடம் எவ்வளவு அசையும் என்பதை வேலை தொடங்கும் முன்னரே அறிய வேண்டும். அதற்காகப் பொறியாளர்கள் இன்று பயன்படுத்தும் கருவி எண்சார் மாதிரி. நிலத்தையும் குழியையும் கட்டடத்தையும் எண்களாக மாற்றிக் கணினிக்குள் ஒருமுறை தோண்டிப் பார்ப்பதே அது.

முதலில் நிலத்தின் குறுக்குவெட்டுப் படம் வரையப்படுகிறது. தோண்டவிருக்கும் குழி, அதைச் சுற்றி மண்ணுக்குள் இறக்கப்படும் காங்கிரீட் தடுப்புச் சுவர், இரு பக்கச் சுவர்களும் உள்நோக்கிச் சாயாமல் குறுக்கே கொடுக்கப்படும் எஃகு முட்டுகள், பக்கத்துக் கட்டடம் ஆகியவை அதில் இடம்பெறும். பின்னர் அந்தப் படம் மீன்வலையின் கண்களைப்போல ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களாகப் பகுக்கப்படும். குழிக்கு அருகில் கண்கள் சிறியவை; விலகிச் செல்லச் செல்லப் பெரியவை. ஒவ்வொரு கண்ணிலும் உள்ள மண்ணின் எடை, விறைப்பு, வலிமை, அதிலுள்ள நீரின் அழுத்தம் ஆகியவை எண்களாகக் கொடுக்கப்படும். ஒரு முக்கோணம் நகர்ந்தால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் முக்கோணமும் சேர்ந்தே நகர வேண்டும். எல்லா விசைகளும் ஒன்றையொன்று சமன்செய்ய வேண்டும். இந்த இரு நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேறும்வரை கணினி சமன்பாடுகளைத் தீர்த்துக்கொண்டே செல்லும். மாதிரியில் தோண்டுவது என்பது சில முக்கோணங்களை நீக்குவதுதான். ஓர் அடுக்கு நீக்கப்படும். ஒரு வரிசை முட்டு பொருத்தப்படும். அடுத்த அடுக்கு நீக்கப்படும். உண்மையான வேலை எந்த வரிசையில் நடக்குமோ அதே வரிசையில் கணக்கும் நடக்கும்.

பக்கத்தில் நிலத்தடித் தளமுள்ள கட்டடம் இருந்தால் கணக்கு சிக்கலாகிறது. மூன்று நிலத்தடித் தளங்களும் அவற்றுக்குமேல் பன்னிரண்டு மாடிகளும் உள்ள கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதைக் கட்டும்போது 10 மீட்டர் ஆழத்துக்கு மண் எடுக்கப்பட்டது என்க. ஒரு கனமீட்டர் மண் ஏறக்குறைய 1.8 டன் எடையுள்ளது. ஆகவே, ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் 18 டன் சுமை அகற்றப்பட்டது. காங்கிரீட் கட்டடத்தின் ஒரு தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 1.2 டன் எடை கொண்டதாயின், பதினைந்து தளங்களின் எடையும் அதே 18 டன்தான். அதாவது, கட்டடத்துக்கு அடியிலுள்ள மண்ணுக்கு அந்த உயரமான கட்டடம் வந்ததே தெரியாது! அனுபவம் குறைந்த ஒருவர் கட்டடத்தின் எடை முழுவதையும் தரைமட்டத்தில் வைத்து, அதன் கீழே மண்ணும் முழுமையாக இருப்பதாக மாதிரி அமைத்தால், இல்லாத 18 டன் சுமையைக் கணக்கில் ஏற்றிவிடுகிறார்.

சுமை அதிகமாகக் கணக்கிடப்பட்டால் பாதுகாப்பு கூடுமே என்று தோன்றலாம். எல்லா விளைவுகளுக்கும் அது பொருந்தாது. நிலத்தடித் தளம் ஒரு பெட்டி. அதன் நான்கு பக்கங்களையும் மண் அழுத்திக்கொண்டிருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்களின் அழுத்தம் சமமாக இருப்பதால் பெட்டி அசையாமல் நிற்கிறது. ஒரு பக்கத்தில் புதிய குழி தோண்டியதும் அந்தப் பக்கத்து அழுத்தம் குறைகிறது. மறுபக்கத்து மண் மட்டும் பழையபடி தள்ளுகிறது. இப்போது முழுக் கட்டடத்தையும் குழியை நோக்கித் தள்ளும் விசை பிறக்கிறது. எடையை மட்டும் தரைமட்டத்தில் வைத்த மாதிரியில் இந்தப் பக்கவாட்டு விசையே வெளிப்படாது. புதிய தடுப்புச் சுவருக்கும் பழைய நிலத்தடிச் சுவருக்கும் இடையில் ஒடுங்கிய மண்பட்டை மட்டுமே எஞ்சியிருந்தால், அந்தப் பட்டை திறந்த வெளியில் உள்ள மண்ணைப்போல முழு வலுவுடன் சுவரைத் தள்ளாது. கட்டடம் பைலிங் எனப்படும் ஆழத்தூண்களின்மீது நின்றால், மண் குழியை நோக்கி நகரும்போது அத்தூண்களும் வளையும். மேலே கட்டடம் சிறிதும் இறங்காதிருக்கும்போதே கீழே தூண்களில் வெடிப்பு விழக்கூடும்.

இவற்றைவிட எளிதில் மறக்கப்படுவது நிலத்தின் முன்கதை. மண்ணுக்கு நினைவு உண்டு என்று சொன்னால் அது வெறும் உவமை அன்று. முன்பு ஒருமுறை பெருஞ்சுமை ஏறி இறங்கிய களிமண், அந்தச் சுமை ஏறாத களிமண்ணைவிட விறைப்பானது. ஆகையால், நல்ல மாதிரியில் புதிய குழியைத் தோண்டுவதற்குமுன் பழைய குழியைத் தோண்டி, பழைய கட்டடத்தைக் கட்டி, நிலம் அடங்கியபின் நகர்வு எண்களை மீண்டும் சுழியத்தில் வைக்க வேண்டும். அதன் பிறகே உண்மையான கணக்கு தொடங்குகிறது.

தேடப்படும் விடையோ மிகச் சிறியது. 1956ஆம் ஆண்டு ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு எனும் பொறியாளர்கள் பல கட்டடங்களை ஆராய்ந்து ஓர் அளவைக் கூறினர். அடுத்தடுத்த இரு தூண்களின் இறக்கத்தில் உள்ள வேறுபாடு, அவற்றின் இடைவெளியில் முந்நூறில் ஒரு பங்கை எட்டினால் சுவர்களில் வெடிப்பு தோன்றலாம். தூண்களுக்கு இடையே 6 மீட்டர் என்றால் அந்த எல்லை 20 மில்லிமீட்டர். பெருவிரலின் அகலம் கூட இருக்குமோ என்னவோ. முப்பது மீட்டர் ஆழக் குழியின் விளைவை இந்த அளவுக்கு நுட்பமாக முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றே கணினியிடம் எதிர்பார்க்கப்படுகிறது.

எல்லா மண்ணும் இந்தக் கணக்குக்கு ஒரே வகையில் ஒத்துழைப்பதில்லை. கெடாவின் மேற்குக் கரையில் நெல்வயல்கள் பரந்த சமவெளியின் அடியில் மென்மையான கடற்களிமண் படிந்துள்ளது. கடைசிப் பனியுகத்துக்குப் பிறகு கடல்மட்டம் உயர்ந்த காலத்தில் படிந்த இளம் மண் அது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் பல இடங்களிலும் சிங்கப்பூரிலும் அதே வகை மண் உண்டு. அதன் இயல்பைக் கணிப்பது எவ்வளவு கடினம் என்பதை மலேசியாவே ஒருமுறை உலகுக்குக் காட்டியது. வடக்கு – தெற்கு நெடுஞ்சாலை அமைக்கப்பட்ட காலத்தில் ஜோகூரின் மூவார் சமவெளியில் நெடுஞ்சாலை வாரியம் சோதனைக் கரைகளை எழுப்பியது. அவற்றுள் ஒன்று, சரிந்து விழும்வரை வேண்டுமென்றே உயர்த்தப்பட்டது. எந்த உயரத்தில் விழும் என்று கணிக்குமாறு வல்லுநர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். தாய்லாந்திலுள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் பாலசுப்பிரமணியமும் அவர்களுள் ஒருவர். கரை ஏறத்தாழ 5.4 மீட்டரில் விழுந்தது. 1989இல் கோலாலம்பூரில் நடந்த கருத்தரங்கில் கணிப்புகள் ஒப்பிடப்பட்டன. அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அது தோண்டிய குழி அன்று, எழுப்பிய கரை; என்றாலும் மண் ஒன்றுதான். அங்கே விழுந்தது ஆளில்லாத மண்மேடு. பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் சிங்கப்பூரில் விழுந்தது அப்படிப்பட்டதன்று.

2004ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள். மெர்டேக்கா பாலத்துக்கு அருகில், நிக்கல் நெடுஞ்சாலையை ஒட்டி, வட்டப்பாதை இரயில் தடத்துக்காகக் குழி தோண்டப்பட்டு வந்தது. கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம் அது; கீழே தடித்த கடற்களிமண். குழியின் இரு பக்கமும் 0.8 மீட்டர் தடிப்புள்ள காங்கிரீட் சுவர்கள் இருந்தன. அவற்றுக்கு இடையே ஒன்பது வரிசை எஃகு முட்டுகள் பொருத்தப்பட்டிருந்தன. பத்தாவது வரிசைக்காகத் தோண்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஆழம் ஏறத்தாழ 30 மீட்டரை எட்டியிருந்தது. அன்று காலையிலிருந்தே குழிக்குள் உலோகம் அடிபடுவதுபோன்ற ஓசைகள் கேட்டன. முட்டுகள் சுவரைத் தாங்கும் இணைப்புகளில் எஃகு வளைந்திருப்பதைக் கண்டவர்கள், காங்கிரீட் ஊற்றி அதை வலுப்படுத்த முயன்றனர். பிற்பகல் சுமார் 3.30 மணிக்கு முட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிலைகுலைந்தன. சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்தன. அருகிலிருந்த நெடுஞ்சாலையும் பெரும்பள்ளத்துள் இறங்கியது.

நால்வர் உயிரிழந்தனர். பாரந்தூக்கி இயக்கிய தமிழர் ஒருவரும் அவர்களுள் அடங்குவார். தம் குழுவினர் மேலே ஏறுவதற்கு உதவிய மேற்பார்வையாளர் ஒருவர் தாம் ஏற முடியாமற்போனார். சுற்றியிருந்த மண் மேலும் சரியும் நிலையில் இருந்ததால் தேடும் பணி சில நாள்களில் நிறுத்தப்பட்டது. அவருடைய உடல் கிடைக்கவே இல்லை.

சிங்கப்பூர் அரசு அமைத்த விசாரணைக் குழு தன் அறிக்கையை 2005 மே மாதம் வெளியிட்டது. அது கண்டறிந்த பிழைகளுள் ஒன்று கணினி மாதிரிக்குள்ளேயே இருந்தது.

மென்களிமண் என்பது மண்துகள்களும் அவற்றுக்கு இடையே நிரம்பிய நீரும் சேர்ந்த கலவை. ஒரு சுமையை இரண்டு பேர் தோளில் தாங்குவதுபோல, மேலிருந்து வரும் அழுத்தத்தைத் துகள்களும் நீரும் பங்கிட்டுக்கொள்கின்றன. 1920களில் டெர்சாகி என்னும் அறிஞர் நிலைநாட்டிய கருத்து இது. ஆனால், இந்த இருவரில் ஒருவரை நம்ப முடியாது. துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து வழுக்கலைத் தடுக்கும். நீரோ வழுக்கலைச் சிறிதும் தடுக்காது. ஆகவே, சுமையில் நீரின் பங்கு கூடினால் மண்ணின் வலிமை குறையும். இளம் களிமண்ணின் துகள்கள் நெருக்கமின்றி அடுங்கியவை. பக்கவாட்டில் நெரிபடும்போது அவை மேலும் நெருங்க முற்படுகின்றன. களிமண்ணிலிருந்து நீர் எளிதில் வடியாது என்பதால், நெருங்க இடமின்றிச் சுமை நீரின்மீது சாய்கிறது. நீரழுத்தம் ஏறுகிறது, துகள்களின் பிடி தளர்கிறது, மண் இளகுகிறது.

அந்தக் குழிக்கான மாதிரியில் மண்ணின் வலிமை, துகள்களின் உராய்வை அடிப்படையாகக் கொண்ட எண்களாகக் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த எண்களில் தவறில்லை. ஆனால், அவற்றைப் பயன்படுத்திய எளிய மண் இலக்கணத்துக்கு, நெரிபடும்போது நீரழுத்தம் ஏறும் என்ற செய்தி தெரியாது. எனவே, உண்மையில் இளகிப்போகும் மண் உறுதியாகவே நிற்கும் என்று கணினி எடுத்துக்கொண்டது. நீர் வடியாத நிலையில் மண்ணுக்கு எவ்வளவு வலிமை இருக்கும் என்பதை அளந்து நேரடியாகக் கொடுத்திருந்தால், சுவரின் வளைவும் அதன்மீது விழும் வளைவிசையும் ஏறக்குறைய இரு மடங்காக வந்திருக்கும். மென்பொருள் கணக்கில் தவறவில்லை. கேட்ட கேள்விக்கு அது சரியான விடையையே தந்தது. கேள்வி வேறொரு மண்ணைப் பற்றியதாக இருந்தது.

அந்த ஒரு பிழை மட்டுமே குழியைச் சரித்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முட்டுகளின் முனையில் இருந்த இணைப்புகளின் வடிவமைப்பும் தவறானது. சில இடங்களில் அவற்றின் தாங்கும் திறன் தேவையில் ஏறத்தாழப் பாதியே. எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தள்ளிய மண், எதிர்பார்த்ததைவிட வலுக்குறைந்த எஃகைச் சந்தித்தது. இவற்றுள் ஒன்று சரியாக இருந்திருந்தாலும் வேலையாள்களுக்கு வெளியேறக் காலம் கிடைத்திருக்கலாம்.

உண்மையில், காலம் கிடைக்கத்தான் செய்தது. விசாரணையில் மிகவும் உறுத்தும் பகுதி அதுதான். சுவருக்குள் புதைக்கப்பட்ட சாய்வளவிகள் வாரக்கணக்கில் எச்சரித்துக்கொண்டிருந்தன. சுவர் வடிவமைப்பில் எதிர்பார்த்த அளவைத் தாண்டி வளைந்தது. அப்போது செய்யப்பட்டது மறுகணக்கு. அளந்த வளைவுக்கு ஒத்துவரும்படி மாதிரியின் எண்கள் திருத்தப்பட்டன. புதிய கணிப்புக்கு ஏற்ப எச்சரிக்கை வரம்பு உயர்த்தப்பட்டது. வேலை தொடர்ந்தது. சுவர் புதிய வரம்பையும் தாண்டியது. மீண்டும் மறுகணக்கு, மீண்டும் உயர்ந்த வரம்பு. சரிந்த நாளில் ஒரு பக்கச் சுவரின் வளைவு 40 சென்டிமீட்டருக்கும் மேல். மாதிரியை அளவீட்டுடன் ஒப்பிட்டுத் திருத்துவது பொறியியலில் நல்ல பழக்கமே. ஆனால், மாதிரி ஏன் பொய்த்தது என்று கேட்காமல் எண்களை மட்டும் திருத்தும்போது, காய்ச்சல் ஏற ஏற வெப்பமானியின் கோட்டை அழித்து அழித்து மேலே வரைவது போலாகிவிடுகிறது.

அவ்விடத்தில் குழியின் அருகில் இருந்தது சாலை. கட்டடமே இருந்திருந்தால் என்ன ஆகும் என்பதை 2009 மார்ச் 3ஆம் நாள் ஜெர்மனியின் கொலோன் நகரம் கண்டது. நிலத்தடி இரயிலுக்காகத் தோண்டப்பட்ட குழிக்குப் பக்கத்திலிருந்த நகர ஆவணக் காப்பகம் இடிந்து விழுந்தது. காப்பகத்தில் இருந்தவர்கள் எச்சரிக்கை கேட்டு வெளியேறிவிட்டனர். அடுத்த வீட்டில் இருந்த இரண்டு இளைஞர்கள் இறந்தனர். நூற்றாண்டுகளாகச் சேர்த்த ஆவணங்கள் சேற்றில் புதைந்தன. அங்கே பிழை, தடுப்புச் சுவரின் ஒரு பகுதி குறையுடன் கட்டப்பட்டதில் இருந்தது. அந்தக் குறையின் வழியே நீரும் மணலும் குழிக்குள் பாய்ந்தன. கணினி மாதிரிக்குள் வரையப்படும் சுவரில் ஓட்டை இருப்பதில்லை என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் விபத்துக்குப் பிறகு ஆழக்குழிகளுக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. தற்காலிக முட்டுகள் நிலையான கட்டடத்துக்கு உரிய கவனத்துடன் வடிவமைக்கப்பட வேண்டும் என்றாயிற்று. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2006இல் நடைமுறைக்கு வந்தது. பொறியியல் மாணவர்கள் பலர் இன்று எண்சார் மாதிரியைக் கற்கும்போதே நிக்கல் நெடுஞ்சாலைக் கணக்கையும் செய்து பார்க்கிறார்கள். ஒரே குழியை இரண்டு விதமாகக் கணக்கிட்டு, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் பயிற்சி அது. பக்கத்துக் கட்டடத்தின் சுவர்களில் அளவிகளைப் பொருத்துவது, எந்த அளவில் எச்சரிப்பது, எந்த அளவில் வேலையையே நிறுத்துவது என்பனவற்றை முன்கூட்டியே எழுதி வைப்பது, அந்த எண்ணை மாற்ற வேண்டுமானால் வேலையில் தொடர்பில்லாத ஒருவரைக் கொண்டு சரிபார்ப்பது ஆகியவை இத்துறையில் வழக்கமாகி வருகின்றன. இவற்றால் நாள்களும் பணமும் கூடுதலாகச் செலவாகின்றன. ஒப்பந்தக்காரர்களிடையே முணுமுணுப்பும் உண்டு.

சரிந்த நெடுஞ்சாலை அதே ஆண்டு டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. நிக்கல் நெடுஞ்சாலை நிலையம் முதலில் திட்டமிட்ட இடத்திலிருந்து ஏறத்தாழ 100 மீட்டர் தள்ளி, வேறொரு வடிவமைப்பில் கட்டப்பட்டு, 2010 ஏப்ரல் 17ஆம் நாள் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. பழைய குழி நிரப்பி மூடப்பட்டுவிட்டது. புதிய தடம் அதைத் தொடாமல் சற்றே விலகிச் செல்கிறது.